வாசகர் கேள்வி: பேட்ஜ் அளக்கிறதா, சும்மா தொங்குகிறதா?

கேள்வி: ஐயா, கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன். என் மேல் படும் கதிரை அளக்க அணியும் பேட்ஜின் அறிக்கையில் மாதாமாதம் 'பதிவளவுக்குக் கீழ்' (பதியும் அளவுக்குக்கூட கதிர் இல்லை) என்றே வருகிறது. பேட்ஜை டியூபுக்கு அடியில் வைத்து ஒரு ஷாட் அடித்துப் பார்க்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த டோஸ், அதாவது கதிரளவு, உங்கள் பெயரில் ஏறிவிடும். அதை நீக்க விளக்கக் கடிதம், விசாரணை என்று அலைய வேண்டும். எவ்வளவு கொடுத்தோம் என்று தெரியாதபோது, வந்த எண் சரியா என்றும் சொல்ல முடியாது.

உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி மூலம் உதிரி பேட்ஜ்கள் சிலவற்றை வாங்கி, பாங்கி ஊரில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் தர ஆய்வகம் போன்ற இடத்தில் தெரிந்த டோஸ் கொடுக்கச் சொல்லலாம். 30×30×15 செ.மீ. தண்ணீர்ப் பெட்டியின் முகப்பில் பேட்ஜை ஒட்டித்தான் கதிரூட்டுவார்கள். அந்தப் பெட்டி உடம்புக்குப் பதில்; உடம்பில் பட்டுத் திரும்பும் கதிரும் பேட்ஜில் சேர வேண்டும். வெறும் காற்றில் தொங்கவிட்டால் அளவு குறையும். பிறகு டோஸ் கொடுக்காத இரண்டு பேட்ஜ்களையும் சேர்த்து, வழக்கமான பேட்ஜ்களோடு, அளவு பார்த்து அறிக்கை தரும் ஆய்வகத்துக்குச் சொல்லாமல் அனுப்புங்கள். சோதனை என்று தெரிந்தால் தனிக்கவனம் வந்துவிடும்.

10 மில்லிசீவர்ட் (டோஸின் அலகு) கொடுத்தால் அறிக்கை ஏறக்குறைய 6.7 முதல் 15 வரை வரலாம். சர்வதேச வழக்கம் அவ்வளவு இடம் தருகிறது. டோஸ் சிறிதானால் இடைவெளி இன்னும் அகலும்.

முக்கியமானது இதுதான்: சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் கதிரில் மட்டும் சோதித்தால் போதாது. அதன் ஆற்றல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 70 கிலோவோல்ட் எக்ஸ்ரே டியூபிலிருந்து வருவதோ பெரும்பாலும் 30, 40தான். கால்சியம் சல்பேட் வகை பேட்ஜ் அந்தத் தாழ்ந்த ஆற்றலில் பத்து மடங்குகூட மிகைத்துக் காட்டும். உள்ளே இருக்கும் உலோக வடிகட்டிகள்தான் அதைச் சரிக்கட்டுகின்றன. பேட்ஜின் உள்ளே இருக்கும் கார்டை ஹோல்டரில் திருப்பிச் செருகினாலோ ஒரு வடிகட்டி நகர்ந்தாலோ சீசியத்தில் தேறிய பேட்ஜ் எக்ஸ்ரேயில் தவறிவிடும். ஆகவே எக்ஸ்ரே கதிரிலும், நேராகவும் சாய்வாகவும் கொடுக்கச் சொல்லுங்கள்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்பவருக்குக் குறைந்த அளவு வருவது இயல்புதான். ஆனாலும் கட்டுப்பாட்டு பேட்ஜ் (யாரும் அணியாமல், சுற்றுப்புறக் கதிரை மட்டும் அளக்க வைப்பது) எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது எக்ஸ்ரே அறையிலேயே கிடந்தால் அதில் ஏறும் டோஸை எல்லோருடைய அளவிலிருந்தும் கழித்துவிடுவார்கள். உண்மையில் பட்டது மறைந்துபோகும். அதை அறைக்கு வெளியே, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள்.