ஆசிரியரைக் கேளுங்கள்: 'அரும்பு' என்றால் மந்தமா?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் 3-ஆம் வகுப்பு படிக்கிறான். தமிழில் அவனை 'அரும்பு' நிலையில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் 'மலர்'. மந்தம் என்று முத்திரை குத்துகிறார்களோ என்று மனசு கேட்கவில்லை. டீச்சரிடம் சண்டை போடலாமா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சண்டை வேண்டாம் அம்மா. 2022-இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கைவர அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக ஏறும் மூன்று நிலைகளோடுதான் நானும் பாடம் நடத்துகிறேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, 3-ஆம் வகுப்புப் பிள்ளைக்கே எழுத்து பிடிபடாமல் இருந்த காலம் அது. எல்லாருக்கும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொல்வதைச் சமநீதி என்று நான் நம்பவில்லை. பிள்ளை நிற்கும் இடத்துக்கு நான் போக வேண்டும்.

ஆனால் நிலை என்பது பாடத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. என் வகுப்பில் ஒரு பெண் கணக்கில் மலர், தமிழில் அரும்பு. 'கொடி' என்று எழுதியிருந்தால் 'கெடி' என்பாள். கொம்பைப் பார்த்ததும் வாசித்துவிடுவாள், பின்னால் வரும் காலைக் கண் விட்டுவிடும். அவளுக்கு நான் பாடத்தைக் குறைக்கவில்லை. கொம்பும் காலும் வரும் எழுத்துகளை மட்டும் அட்டையில் பெரிதாக எழுதி, விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். கதையில் கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்லலாம் என்றேன். கதை அவளுக்கு முழுசாகப் புரிந்திருந்தது! எழுத்துதான் குறுக்கே நின்றது.

அதனால் டீச்சரிடம் இதைக் கேளுங்கள்: "அவன் எந்த எழுத்தில், எந்த மாதிரிச் சொல்லில் தடுக்குகிறான்? மறுபடி எப்போது பார்த்து நிலையை மாற்றுவீர்கள்?" இதற்குப் பதில் இருந்தால் அவன் நல்ல கையில்தான் இருக்கிறான். ஜூனில் போட்ட நிலையிலேயே ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தால், அப்போது நீங்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

அப்புறம், கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அதில் குறையில்லை, பயிற்சி கொடுத்தும் மாற்றமில்லை என்றால், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்க வைக்கச் சொல்லுங்கள். வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் தடுமாற வைக்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. உதவி கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் அவன் காதுபடப் பக்கத்து வீட்டுப் பையன் பேச்சை எடுக்காதீர்கள். ராத்திரி கதை வாசிக்கும்போது தடுக்கினால், அந்தச் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள்.