குடிநோய்க்குக் காந்தச் சிகிச்சை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: மூளையில் ரத்த ஓட்டம் குறைந்ததால்தான் என் கணவரால் குடியை விட முடியவில்லை என்றும், காந்தச் சிகிச்சை அதைச் சரிசெய்துவிடும் என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி உண்மை. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆசை எழும்போது தடுப்பதும், நாளை என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பதும் அந்த மடலின் பணிகளில் அடங்கும். ஆனால் உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தைப் பெறுகிறது. அதில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தந்தப் பகுதியின் வேலைப்பளுதான். ஆகவே முன்மடலில் ரத்தம் குறைந்திருக்கிறது என்றால், அங்குள்ள நரம்புச் செல்கள் மந்தமாகிவிட்டன, அல்லது திசுவே ஓரளவு சுருங்கிவிட்டது என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

காந்தச் சிகிச்சை என்பது தலைமேல் வைக்கும் கருவியால் மூளைக்குக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவது. அது அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்துவிடும் முறை அன்று. தலைமேல் வைக்கும் வழக்கமான கம்பிச்சுருள், அதன் கீழே 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதனால் நரம்புச் செல்கள் இயங்குகின்றன, இயங்கும் செல்களுக்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும் தேவைப்படுவதால் ரத்த ஓட்டம் அவற்றைப் பின்தொடர்ந்து மாறுகிறது. அந்த மாற்றம் சிகிச்சையின் தடயமே ஒழிய, குணமானதற்குச் சான்று ஆகாது.

கேள்வி: இது ஷாக் சிகிச்சையின் மறுபெயரா? வலிக்குமா?

பதில்: இல்லை. மயக்க மருந்து தேவையில்லை. வலிப்பை வரவழைப்பதும் இதன் நோக்கமன்று. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முறை இது. முதல் நாளில், கைவிரல் துடிக்கும் அளவுக்குக் காந்தத்தின் வலுவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்து, அதைக் கொண்டே அவரவருக்குரிய அளவை நிர்ணயிப்போம். 'டக், டக்' என்ற சத்தம் பலமாகக் கேட்கும் என்பதால் காதடைப்பான் அவசியம். உச்சந்தலையில் தட்டுவது போன்ற உணர்வும் சிலருக்குத் தலைவலியும் இருக்கும். காதுக்குள் செவித்திறனுக்கான காக்ளியர் கருவியோ தலைக்குள் உலோகக் கிளிப்போ வைத்திருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அண்ணன் இன்னும் தினமும் குடிக்கிறார். நேராகக் காந்தச் சிகிச்சையில் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். காந்தத் தூண்டலுக்கும், அரிதாக, வலிப்பை ஏற்படுத்தும் தன்மை உண்டு. இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது விவேகமன்று. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, குழப்பம் ஆகியவை மருத்துவமனைக் கண்காணிப்பில் மருந்துகளாலும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியாலும் அடங்கிய பிறகே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

கேள்வி: ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

பதில்: ஒரே குரலில் சொல்லவில்லை. ராஞ்சியிலுள்ள மத்திய மனநல நிறுவனத்தில் 45 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், வலப்பக்க முன்மடலில் நொடிக்கு 10 துடிப்புகள் வீதம் தூண்டல் பெற்றவர்களுக்கு, போலித் தூண்டல் (மெய்யான தூண்டல் இல்லாமல் அதுபோலவே செய்து காட்டுவது) பெற்றவர்களைவிடக் குடிக்கும் ஏக்கம் கூடுதலாகக் குறைந்தது. 2020இல் வெளியான ஸ்வீடன் ஆய்வோ, இன்சுலா என்ற ஆழமான பகுதியைக் குறிவைத்தது. மெய்த் தூண்டல் பெற்றவர்களுக்கும் போலித் தூண்டல் பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குடி குறைந்தது. கவனிப்பும், நாள்தோறும் வந்துபோகும் ஒழுங்கும், நம்பிக்கையும் சேர்ந்தே ஒருவரை ஓரளவு மாற்றிவிடும் என்பதால், போலித் தூண்டலுடன் ஒப்பிடாத எந்த வெற்றிக் கணக்கையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2022இல் வெளியான, 51 பேர் பங்கேற்ற மற்றொரு ஆய்வில் மூளையின் நடுப்பக்க முன்மடலைத் தூண்டியபோது, அளவு மீறிக் குடிக்கும் நாட்கள் குறைந்தன. நம்பிக்கையூட்டும் முடிவுதான், ஆயினும் சிறிய ஆய்வு. எனவே குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகளையும் ஆலோசனையையும் நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது, அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ரத்த ஓட்ட ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: ஆய்வாளருக்கு அவசியம், உங்களுக்கு இல்லை. குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே முன்மடல் ரத்த ஓட்டம் தானாகவே ஓரளவு மீளும். அந்த முன்னேற்றத்தை இரண்டு வண்ணப் படங்களில் காட்டிக் காந்தத்தின் கணக்கில் எழுதுவது எளிது. அந்தப் பணத்தைக் கல்லீரல் பரிசோதனைக்கும் தொடர் ஆலோசனைக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: அப்பா குடியை விட்டுவிட்டார், சிகரெட்டை விடவில்லை. அதனால் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. மதுவை நிறுத்தியவர்களுள் புகைபிடிப்போருக்கு மூளை ரத்த ஓட்டம் மீள்வது மந்தமாகவே இருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில், புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் ஒரு வகைக் காந்தத் தூண்டலுக்கு 2020இல் அனுமதி கிடைத்துவிட்டது. மதுவுக்கு அத்தகைய அனுமதி இன்னும் தரப்படவில்லை. அப்பாவுக்கு முதலில் நிகோடின் பட்டையோ சூயிங்கமோ தரலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.