கொடியை மட்டும் பார்த்து அடிக்காதீர்கள்: கோல்ஃப் கேள்வி பதில்

கேள்வி: கோல்ஃப் ஆட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. பயிற்சியில் பந்து நன்றாகவே போகிறது. ஆனால் 18 ஹோல் (குழி) முடித்து அடிகளைக் கூட்டிப் பார்த்தால் 100-க்குக் கீழே வருவதே இல்லை. நிறைய ஹோலில் 5, 6 எடுக்கிறேன், நடுவில் மூன்று நான்கு ஹோலில் 8, 9 வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. ஸ்விங்கில் எதை மாற்றுவது?

ஸ்விங்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் ஒரு கணக்குப் போடுவோம். பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய ஷாட் கணக்கு. பார் 72 மைதானத்தில் 9 ஹோல் போகி (பாரைவிட ஒன்று கூட), 9 ஹோல் டபுள் போகி (இரண்டு கூட) என்று ஆடினால் மொத்தம் 99. அதாவது ஒரு பார்கூட எடுக்காமல் நீங்கள் 100-க்குக் கீழே வரலாம். உங்களுடைய 5-ம் 6-ம் பிரச்சினையே இல்லை, அந்த 8-ம் 9-ம் எங்கிருந்து வருகின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பிறக்கின்றன. பார் 4, டிரைவ் (ஹோலின் முதல் நீள அடி) வலதுபக்கம் மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் பந்து காய்ந்த சருகு மேல் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, முன்னால் இரண்டு அடிமரங்களுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி, அதன் வழியாகக் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) தெரிகிறது, குழியில் நட்ட கொடி அசைவதுகூடத் தெரிகிறது. அந்த இடைவெளிதான் ஆளைக் கவிழ்ப்பது. அடிக்கிறோம், பந்து மரத்தில் பட்டு நமக்குப் பின்னால் வந்து விழுகிறது. இப்போது இடம் முன்னைவிட மோசம், கோபமும் சேர்ந்துகொள்கிறது, மறுபடியும் அதே இடைவெளி. இப்படித்தான் 8 வருகிறது. அதே இடத்தில் ஒரு வெட்ஜை (கிட்டத்து அடிக்கான கிளப், அதாவது மட்டை) எடுத்துப் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (வெட்டிச் சீராக்கிய நடுப்பாதைக்கு) தட்டிவிட்டால்? மூன்றாவது ஷாட் கிரீன் பக்கத்தில், நான்காவது சிப் (கிரீனுக்குப் பக்கத்தில் இருந்து சின்னத் தட்டு), இரண்டு பட் (கிரீன் மேல் குழிக்கு உருட்டும் அடி). மொத்தம் 6, ஒரு பட்டிலேயே முடிந்தால் 5. இதை நீங்கள் எந்த நாளிலும் செய்ய முடியும்.

1999 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தின் கடைசி ஹோலுக்கு பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜீன் வான் டி வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையோடு வந்தார். 6 எடுத்தால்கூட பட்டம் அவருக்கு. டிரைவ் வலதுபக்கம் விலகிப் போனாலும் தண்ணீரில் விழாமல் நல்ல இடத்தில்தான் நின்றது. அங்கே டிரைவர் (மிக அதிகத் தூரம் போகும் கிளப்) எடுத்தது தப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இரண்டாவது ஷாட்டைத்தான் சொல்வேன். கையில் இன்னும் 5 ஷாட் இருந்தது. கிரீனுக்கு முன்னால் ஓடும் ஓடைக்கு இப்பால் ஒரு வெட்ஜ், கிரீன் மேல் ஒரு வெட்ஜ், மூன்று பட் போட்டிருந்தாலும் ஜெயித்திருப்பார். அவர் 2 அயர்ன் (நீளத் தூரத்துக்கான இரும்புத் தலை கிளப்) எடுத்துக் கிரீனைப் பார்த்து அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது, அங்கிருந்து பாரி பர்ன் ஓடைக்குள் போனது, ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தார், கடைசியில் 7. சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார். அந்த ஓடையில் அவர் நிற்கும் படத்தைப் பார்த்தால் எனக்கு இன்னமும் மனசு கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: என் டிரைவ் எப்போதும் வலதுபக்கம் வளைகிறது. வலதுபக்கம் எல்லைக் கோடு இருக்கும் ஹோலில் கை நடுங்குகிறது. டிரைவரை விட்டுவிட்டு அயர்ன் எடுக்கலாமா?

உடனே விட வேண்டாம். முதலில் நீங்கள் டீ (பந்தை ஏற்றி வைக்கும் சின்ன ஆணி) வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஹோல் தொடங்கும் இடத்தைக் காட்டும் இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில், அதுவும் நேராகக் கோட்டின் மேலேயே டீயைக் குத்திவிட்டு அடிப்பவர்கள்தான் அதிகம். பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் வைக்க விதியில் இடம் இருக்கிறது, அதில் மேடுபள்ளம் இல்லாத இடமாகப் பாருங்கள். நீங்கள் வலது கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். பந்து வலதுபக்கம் வளைகிறது என்றால் தொடங்கும் இடத்தின் (அதையும் டீ என்றே சொல்வோம்) வலது ஓரத்தில் வைத்து ஃபேர்வேயின் இடது பாதியைக் குறிவையுங்கள். ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்று அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து அடிப்பது, அவ்வளவுதான். அகலம் அதே அகலம்தான், ஆனால் நின்று பார்த்தாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அப்புறம் உங்கள் பந்து எவ்வளவு பரவுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சியில் டிரைவரில் 20 பந்து அடியுங்கள். மிக இடதுபக்கம் விழுந்ததற்கும் மிக வலதுபக்கம் விழுந்ததற்கும் நடுவே உள்ள அகலம்தான் உங்கள் டிரைவ், அதில் அழகாகப் போன அந்த ஒன்றிரண்டு பந்து இல்லை. டீயில் நிற்கும்போது அந்த அகலத்தை மனதில் ஃபேர்வே மேல் விரித்துப் பாருங்கள். அதற்குள் ரஃப் (ஃபேர்வே ஓரத்து நீளப் புல்) மட்டும்தான் வருகிறது என்றால் டிரைவரையே எடுங்கள், ரஃப்பில் இருந்தாலும் கிரீனுக்குக் கிட்டே இருப்பது லாபம். எல்லைக் கோடோ தண்ணீரோ வந்தால், முதலில் குறியை நகர்த்துங்கள், அப்படியும் விலகவில்லை என்றால் குறைந்த தூரம் போகும் சின்ன கிளப்.

இதில் இன்னொன்றும் உண்டு. எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஷாட் அபராதத்தோடு தூரமும் போச்சு, அதே டீயில் இருந்து அடிப்பது மூன்றாவது ஷாட். சிவப்புக் கம்பு நட்ட தண்ணீர் என்றால் ஒரு ஷாட் அபராதம்தான், பந்து எல்லையைக் கடந்த இடத்தில் இருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல், பந்தைப் போட்டு ஆடலாம். ஆக ஒரு பக்கம் எல்லைக் கோடு, மறுபக்கம் சிவப்புக் கம்பு என்றால், நடுவைக் குறிவைக்காமல் சிவப்புப் பக்கமாகக் கொஞ்சம் சாய்வதுதான் சரி. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

கேள்வி: பார் 5-இல் இரண்டாவது ஷாட்டிலேயே கிரீனை எட்டப் பார்ப்பதா, இல்லை 100 யார்டு விட்டு நிறுத்துவதா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

2007 மாஸ்டர்ஸ் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் ஜான்சன் ஒரு பார் 5-இல்கூட இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்கு அடிக்கவில்லை. நான்கு நாளும் முன்னால் நிறுத்தி, வெட்ஜில் ஆடி, பார் 5-களில் மட்டும் 11 அண்டர் (பாரைவிட 11 ஷாட் குறைவு) போட்டுப் பட்டத்தையும் வாங்கினார். இதைச் சொல்லித்தான் எல்லோரும் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆனால் அவருடைய வெட்ஜ் நம்மிடம் இல்லையே. தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், கிட்டே போகப் போக முடிக்கத் தேவைப்படும் ஷாட் குறைகிறது என்றுதான் தெரிகிறது. 30 யார்டில் இருந்து ஆடுவது 100 யார்டில் இருந்து ஆடுவதைவிடச் சராசரியில் லாபம். அதனால் வழியில் தண்ணீரோ ஆழமான பங்கரோ (மணல் பள்ளமோ) இல்லை என்றால் முடிந்தவரை முன்னால் போங்கள். இருந்தால் தாராளமாக முன்னாலேயே நிறுத்துங்கள். நிறுத்துவது என்று முடிவு செய்த பிறகும் நீளத் தூரம் போகும் 3 வுட்டை எடுத்து, நிறுத்த நினைத்த தூரத்தில் இருக்கும் பங்கருக்குள்ளேயே அடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாதுகாப்பாக ஆடுகிறோம் என்றால் முழுக்கப் பாதுகாப்பாக ஆட வேண்டும்.

கேள்வி: பார் 3, கிரீனுக்கு முன்னால் தண்ணீர், கொடி வலது மூலையில். எங்கே அடிப்பது?

கொடி அங்கே இருப்பதையே மறந்துவிடுங்கள். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனலின் 12-வது ஹோல் 155 யார்டுதான். முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை, கிரீன் குறுக்கே சாய்வாகக் கிடக்கிறது, வலதுபக்கம் போகப் போகத் தூரம் கூடும். வலது கை ஆட்டக்காரர் சரியாக அடிக்காத பந்து வலதுபக்கம் விலகும், தூரமும் குறையும், நேராகத் தண்ணீர். 2019 மாஸ்டர்ஸின் கடைசி நாளில் மோலினாரி, கெப்கா, ஃபினாவ், பவுல்டர் நான்கு பேரும் அங்கே தண்ணீரில் போட்டார்கள். டைகர் உட்ஸ் கொடிப் பக்கமே போகாமல் இடதுபக்கம் கிரீன் மேல் போட்டார், நீளமான பட் மிச்சம், இரண்டு பட்டில் பார். அந்த மாஸ்டர்ஸ் அவருக்கு.

கிளப் எடுக்கும்போதும் என்றைக்கோ ஒருநாள் 7 அயர்ன் 150 யார்டு போனதை வைத்து எடுக்காதீர்கள். சாதாரணமாக அடித்தால் எது கிரீன் நடுவில் விழுமோ அதை எடுங்கள், தண்ணீர் முன்னால்தானே இருக்கிறது, பின்னால் போனால் சிப் அடிக்கலாம். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் ஒரு கிளப் கூட்டுங்கள், அதாவது ஒரு படி அதிகத் தூரம் போவதை எடுங்கள். பின்காற்று கொடுப்பதைவிட எதிர்க்காற்று எடுத்துக்கொள்வது அதிகம்.

கேள்வி: கிரீனைத் தவறவிட்டால் எந்தப் பக்கம் தவறுவது நல்லது?

கொடிக்கும் உங்கள் பந்துக்கும் நடுவே நிறைய கிரீன் இருக்கும் பக்கம். கொடி இடது ஓரத்தில் இருந்தால் வலதுபக்கம் தவறுங்கள், பந்து உருள இடம் இருக்கும். இடதுபக்கம் தவறினால் பங்கர் மேல் தூக்கி இரண்டு மூன்று யார்டுக்குள் நிறுத்த வேண்டும், அது நமக்கு வராது. கிரீன் சரிந்திருந்தால் குழிக்குக் கீழே இருங்கள், மேட்டைப் பார்த்துப் போடும் பட்டைப் பயமில்லாமல் தட்டலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடி பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள்.

கேள்வி: ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 (மிகக் கடினமான ஹோல்) என்று அட்டையில் போட்டிருக்கும் ஹோலில் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். என் ஹேண்டிகேப் 18.

18 என்றால் ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு ஷாட் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆக அந்தப் பார் 4 உங்களுக்குப் பார் 5. பேனாவை எடுத்து அட்டையில் 4-ஐ அடித்துவிட்டு 5 என்று எழுதிக்கொள்ளுங்கள். 430 யார்டு இருந்தால் 190, 150, 90 என்று மூன்றாகப் பிரித்து ஆடுங்கள், மூன்றாவது ஷாட்டில் கிரீன், இரண்டு பட். அந்த 90 யார்டுக்கு எந்த கிளப் என்பதை மட்டும் இந்த வாரம் பயிற்சியில் முடிவு செய்துவிடுங்கள்.