திரும்பப் பெற்று மறுபடி அனுப்பலாமா?

லிங்க்ட்இன்னில் 40 மேலாளர்களுக்கு அழைப்பு அனுப்பியும் ஒருவர்கூட ஏற்கவில்லை, எல்லாவற்றையும் திரும்பப் பெற்று மறுபடி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். திரும்பப் பெற்றுவிட்டால் அதே ஆளுக்கு 3 வாரம் வரை மீண்டும் அழைப்பு அனுப்ப முடியாது.

குறை, அழைப்போடு நீங்கள் எழுதிய வரியில் இருக்கிறது. "ஐயா, வேலை இருந்தால் சொல்லவும், ரெஸ்யூமே அனுப்பட்டுமா?" முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, திறந்ததும் கடன் கேட்பது போன்றது இது. ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவன் நான். இப்படி வரும் அழைப்புகளை மனம் கனத்தபடிதான் கடந்து போகிறேன். போன மாதம் ஒரு பெண் எழுதியிருந்தார்: "மென்பொருள் சோதனை பற்றிய உங்கள் பதிவைப் படித்து, என் கல்லூரி புராஜெக்டில் செய்து பார்த்தேன். லாகின் பக்கத்தில் சிக்கிக்கொண்டேன்." அன்றிரவே பதில் எழுதினேன். வேலை பற்றி அவர் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, நானாகத்தான் விசாரித்தேன்.

அந்த 40 பேரில் உங்கள் துறைக்கு நெருக்கமான 5 பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதுவதை இரண்டு வாரம் படியுங்கள், உண்மையாகவே தோன்றியதைப் பதிவின் கீழே எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்புவது மட்டும் கூடவே கூடாது.