இங்க்டோபர் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் சில ஆண்டுகளாக அக்டோபர் மாதம் முழுவதும் ‘இங்க்டோபர்’ என்ற பெயரில் நாளுக்கு ஒரு மை ஓவியம் வரைந்து இணையத்தில் வெளியிடுகிறாள். இம்முறை அவற்றைச் சிறு நூலாக அச்சிட்டு விற்க நினைத்தபோது, அப்பெயரைப் பயன்படுத்தினால் வழக்கு வரும் என்று தோழி ஒருத்தி சொல்லிவிட்டாள். உலகெங்கும் இத்தனை பேர் சேர்ந்து செய்யும் ஒன்று எப்படி ஒருவருடைய உடைமையாக முடியும்? மை விற்கும் நிறுவனங்கள் தொடங்கிவைத்த வியாபாரமா இது?

எம்.

அன்புள்ள எம்.,

மை நிறுவனங்களுக்கு இதன் பிறப்பில் பங்கில்லை. அமெரிக்க ஓவியரான ஜேக் பார்க்கர் 2009 அக்டோபரில் தமக்கென்று வகுத்துக்கொண்ட பயிற்சி இது. சித்திரக்கதைகளும் சிறுவர் நூல்களுக்கான ஓவியங்களும் வரைபவர் அவர். ப்ளூ ஸ்கை அனிமேஷன் நிறுவனத்திலும் பணியாற்றியவர். மையில் வரைவதில் தம் கை இன்னும் தேறவேண்டும், அன்றாடம் வரையும் பழக்கமும் படியவேண்டும் என்பதற்காக 31 நாட்களுக்கு 31 ஓவியங்கள் என்று வைத்துக்கொண்டார். மையில் வரைந்து வெளியிடுங்கள் என்பதற்கு மேல் மற்றவர்களுக்கும் பெரிய விதிகள் எதையும் அவர் வைக்கவில்லை.

ஏன் மை என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கச் சித்திரக்கதைத் தொழிலில் பென்சிலால் வரைபவர் ஒருவராகவும், அதன்மேல் தூரிகையாலோ தொட்டெழுதும் பேனாவாலோ மையிடுபவர் இன்னொருவராகவும் இருப்பது நெடுங்கால வழக்கம். பென்சிலின் சாம்பல் நிறக் கோட்டை அக்கால அச்சுமுறை தெளிவாகப் பிடிக்காது என்பதால் கெட்டிக் கறுப்பு கட்டாயமாக இருந்தது. 2009-இல் அந்தக் கட்டாயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. திரையிலேயே வரைந்து, பிடிக்காத கோட்டை ஒரு பொத்தானில் நீக்கிவிடலாம். அச்சகத்துக்கு மை தேவைப்படாமல் போன பிறகுதான், திருத்தமுடியாத கோட்டின் கண்டிப்பை ஓவியர்கள் தாமாகவே விரும்பி ஏற்றார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்த ஆண்டே, 2010 அக்டோபர் 6 அன்று, இன்ஸ்டாகிராம் வெளிவந்தது. மாதப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் அந்தச் செயலியும் மை ஓவியமும் ஒன்றுக்கொன்று உதவின. மங்கிய வெளிச்சத்தில் கைபேசியால் எடுத்த படத்தில் நீர்வண்ணத்தின் நயம் செத்துப்போகும். வெள்ளைத் தாளில் இட்ட கறுப்புக் கோடு பிழைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாதவரும் பந்துமுனைப் பேனாவுடன் கலந்துகொள்ள முடிந்தது.

இதன் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று நான் கருதுவது வழக்குகளையோ சர்ச்சைகளையோ அல்ல. 2016-இல் பார்க்கர் வெளியிடத் தொடங்கிய சொற்பட்டியலைத்தான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல். 2019-இல் முதல்நாள் சொல் ‘மோதிரம்’ என்றும் ‘வளையம்’ என்றும் பொருள்கொள்ளத்தக்க ‘ரிங்’. அதுவரை அவரவர் தமக்குப் பிடித்ததை வரைந்தார்கள். கருவி மட்டுமே பொதுவாக இருந்தது. பட்டியல் வந்தபின் முன்பின் அறியாத பலர் ஒரே நாளில் ஒரே சொல்லுக்கு வரைந்தார்கள். என்ன வரைவது என்ற தயக்கம் தீர்ந்ததால் புதியவர்கள் துணிந்து வந்தார்கள். ஆனால் கோட்டைப் பழகுவதற்காகத் தொடங்கியது, சொல்லுக்கு யார் சாமர்த்தியமாக விடை வரைகிறார் என்னும் போட்டியாகவும் மாறியது. கையைப் பழக்க விரும்புகிறவருக்குப் பட்டியல் இடைஞ்சல் என்பதே என் எண்ணம். பட்டியலைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இனி, உங்கள் மகளின் தோழி சொன்னது. இங்க்டோபர் என்ற பெயர் பார்க்கரின் வணிகக்குறி. 2019 டிசம்பரில், அப்பெயரிட்டுத் தம் ஓவியத் தொகுப்புகளை இணையத்தில் விற்ற சிலர், விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டதாகத் தெரிவித்தார்கள்; பெருங்கோபம் எழுந்தது. ‘இங்க்டோபர் 2019’ என ஆண்டோடு சேர்த்துத் துணைத்தலைப்பாக இடுவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும், தம் சின்னத்தை எடுத்தாள்வதே கூடாது என்றும் பார்க்கர் விளக்கம் தந்தார். பெயரைக் காப்பது சட்டப்படி அவர் உரிமைதான். எனினும் அப்பெயருக்கு மதிப்பு சேர்த்தவர்கள் ஊதியமின்றி வரைந்த பல்லாயிரம் பேர் என்பதால், அவர்களுடைய கோபத்தை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன்.

2020 ஆகஸ்டில் இன்னொரு பூசல். பார்க்கர் எழுதிய மை ஓவியப் பாடநூல் தம் நூலைப் பெரிதும் ஒத்திருப்பதாக ஓவிய ஆசிரியர் அல்போன்சோ டன் காணொளியில் குற்றம்சாட்ட, குரோனிக்கிள் புக்ஸ் பதிப்பகம் அதன் வெளியீட்டை நிறுத்திவைத்தது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பலர் அப்பெயரை விட்டு விலகி, ‘டிராடோபர்’ போன்ற வேறு பெயர்களில் அதே மாதத்தில் வரைவதைத் தொடர்ந்தார்கள்.

வணிகக்குறி என்பது பெயருக்கும் சின்னத்துக்கும் உரியது. உங்கள் மகள் வரைந்த ஓவியங்களின் காப்புரிமை அவளுடையதே. முகப்பில் அவளே சூட்டும் தலைப்பு பெரிதாக இருக்கட்டும். இங்க்டோபர் என்று குறிப்பிட விரும்பினால் ஆண்டோடு சேர்த்துக் கீழே சிறிதாக இடலாம், சின்னம் மட்டும் வேண்டாம். இதுவும் 2019-இல் பார்க்கர் சொன்னதை வைத்து நான் சொல்வது. அச்சுக்குக் கொடுக்குமுன் அவருடைய தளத்தில் இப்போதுள்ள விதிகளை ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். இடையில் சில நாட்கள் விடுபட்டு 31 ஓவியங்கள் தேறாவிட்டாலும் தயங்க வேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், வாரத்துக்கு ஒன்று வரைந்தாலும் போதும் என்று பார்க்கரே சலுகை தந்திருக்கிறார்.