நாள்பட்ட இடுப்பு வலிக்கு என்ன பயிற்சி? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: எட்டு மாதமாகக் குறுக்கு வலி மேடம். ஸ்கேனில் எல்4-எல்5 (அடிமுதுகின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள) ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். குனியவே பயம். பயிற்சி செய்தால் இன்னும் விலகிவிடாதா?

பதில்: இந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு கலங்கிப்போய் வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கு, 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. அதனால் ஸ்கேனில் தெரிவதெல்லாம் உங்கள் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியில் நரம்பு மண்டலமே கொஞ்சம் கூச்சம் கூடிப்போய் சின்ன அசைவுக்கும் அலறும், நாமும் பயந்து அசையாமல் இருப்போம், தசை இன்னும் தளரும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் இருந்து கணுக்கால் வரை கைகளை மெதுவாக வழுக்கிக்கொண்டு போய் வாருங்கள். பாதி தூரம்தான் முடிகிறதா? சரி, இந்த வாரம் அவ்வளவுதான்.

கேள்வி: யோகாவா, ஜிம்மா, வயிறு-முதுகுத் தசைகளை உறுதியாக்கும் பிலாத்தீஸா? எது பெஸ்ட்?

பதில்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பு 249 ஆய்வுகளை அலசியது. சும்மா இருப்பதைவிடப் பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பது அதில் தெளிவு. உங்களால் ஆறு மாதம் விடாமல் செய்ய முடிவது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. வீட்டிலேயே தொடங்க எனக்குப் பிடித்தது ஒன்று: குழந்தை தவழ்வது போல் நான்கு காலில் நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள், அப்புறம் மறுபக்கம். முதுகில் ஒரு சாப்பாட்டுத் தட்டு வைத்தால் சரியாமல் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. சரிந்தால் கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் நீட்டுங்கள்.

கேள்வி: பயிற்சி செய்த அன்று வலி கூடுகிறதே அக்கா, நிறுத்திவிடவா?

பதில்: வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால் நாலு வரை கூடி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை, தொடருங்கள். வரவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். நான் அதிகம் பார்க்கிற தப்பு வேறு: வலி குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கத் துடைத்து, போர்வையெல்லாம் துவைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு செய்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: பெல்ட்? டிராக்‌ஷன்?

பதில்: இடுப்பில் கட்டும் பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்ஷன், இரண்டையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 டிசம்பர் வழிகாட்டுதல். நானும் அதே கட்சி.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, வலி போய்ப் போய்த் திரும்பி வருகிறது. நடக்க மட்டும்தான் சம்மதிக்கிறார்.

பதில்: நடக்கட்டும்! வலி வந்து குணமான 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. பிசியோ வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்பிவிட) 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்குச் சில மாதங்களில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: இரண்டு நாளாக உட்காரும் இடம் மரத்த மாதிரி இருக்கிறது, சிறுநீரும் சரியாக இறங்கவில்லை. எந்தப் பயிற்சி செய்யலாம்?

பதில்: தம்பி, எதுவும் செய்ய வேண்டாம். அடிமுதுகில் நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி வரும், மணிக்கணக்குகூட முக்கியம். இதைப் படித்ததும் யாரையாவது கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், இப்போது எழுதிய இரண்டையும் அப்படியே சொல்லுங்கள்.