அக்கா டம்ளரில்தான் அதிகம் என்று அழும் 5 வயதுப் பையன்

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, மகளுக்கு 9. இருவருக்கும் ஒரே அளவு ரோஸ்மில்க்தான் ஊற்றுகிறேன். அவள் டம்ளர் ஒல்லியாக உயரமாக இருப்பதால் அவளுக்குத்தான் அதிகம் என்று தினமும் அழுகை. கண்ணெதிரே அளந்து ஊற்றினாலும் ஒத்துக்கொள்வதில்லை. பிடிவாதமா, அறிவு வளர்ச்சியில் குறையா?

இரண்டும் இல்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தைப் பிடித்துக்கொண்டால் அகலத்தை விட்டுவிடுவார்கள், இரண்டையும் சேர்த்து யோசிக்க வராது. திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றிக் காட்டுங்கள், 'சமம்' என்பான். மறுபடி உயரமானதில் ஊற்றினால் 'இப்போ அதிகம்' என்பான். ஒரு தோசையை நாலாகப் பிய்த்து வைத்தால் நாலு கிடைத்ததாக நினைத்துச் சமர்த்தாகச் சாப்பிடுவதும் இதே மனசுதான்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1920 வாக்கில் பாரிஸில் அறிவுத்திறன் தேர்வு வேலையில் இருந்தபோது, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு விடை சொல்வதைக் கவனித்தார். தப்பிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்பேன். டம்ளர் சோதனையும் அவருடையதே. நீர் அளவு மாறவில்லை என்பது 7 வயதை ஒட்டிப் பிடிபடும், வடிவம் மாறினாலும் எடை மாறாது என்பது பிடிபட 9, 10 வயதுகூட ஆகும். உங்கள் மகளும் கையில் இருப்பதை வைத்துத்தான் தெளிவாக யோசிப்பாள். 'இப்படி நடந்திருந்தால்' என்று கற்பனையாக அலசுவது 11, 12க்கு மேல் மெல்ல வரும். அதனால் தம்பியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் பியாஜே சொன்ன வயதுகள் கல்வெட்டு இல்லை. 1970களில் ஸ்காட்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள்: காய்களைச் சமமாக அடுக்கிய இரண்டு வரிசைகளில் ஒன்றைப் பெரியவர் கலைத்துவிட்டுக் கேட்டால் பல பிள்ளைகள் 'இப்போ சமமில்லை' என்றன, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்ததுபோல் செய்தால் நிறையப் பேர் சரியாகவே சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், விடை மாறியிருக்கும் என்றுதானே பிள்ளை நினைக்கும்! நீங்கள் 'இப்போ சொல்லு, சமமா இல்லையா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் அவனை அப்படித்தான் குழப்பும். கேட்பதை நிறுத்துங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் ஒரே மாதிரி இரண்டு டம்ளர் எடுங்கள், அது செல்லம் கொடுப்பது ஆகாது. அவனையே ஊற்றச் சொல்லுங்கள், அக்கா முதலில் எடுத்துக்கொள்ளட்டும். சமமாக ஊற்ற எவ்வளவு கவனமாகக் குனிந்து பார்க்கிறான் என்று பாருங்கள். அப்புறம் குளிக்கும்போது சொம்பு, மக், பழைய பாட்டில் எல்லாம் கொடுத்து விளையாட விடுங்கள், பாடம் நடத்தாமல். மெக்ஸிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள், வடிவம் மாறினாலும் களிமண்ணின் அளவு மாறாது என்பதை மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டதாக ஓர் ஆய்வு உண்டு. கை பழகினால் புத்திக்கு உதவும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. 5 வயதில் வெளியாட்களுக்குப் புரிகிற மாதிரி வாக்கியமாகப் பேசாவிட்டாலோ, 'செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவு' போன்ற இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் புரியாவிட்டாலோ, முன்பு செய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டாலோ தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.